எந்த அளவையால் அளப்பது?

நான்காம் அத்தியாயம்: முனைப்பொருளைத் தெரிந்தெடுக்கும் பிரமாணங்களும் அவற்றின் எல்லைகளும்

சிங்கப்பூரில் தேக்கா நிலையத்துக்கு எதிரே, பஃபலோ சாலையில் ஒருநாள் காலையில் நின்று, 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரத்தை மனத்துக்குள் வரைந்துகொண்டு, அதன் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நாற்பது எட்டு நடந்து பார்க்கும்படி, இந்த அத்தியாயத்தைத் தொடங்குமுன் வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாற்பது எட்டுக்குள், கடைவீடுகளின் சுட்ட மண் ஓட்டுக் கூரையும், பூக்கடை முன் இழுத்துக் கட்டிய தார்ப்பாயும், அஞ்சடி நடைபாதையை மீறி வெயிலுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வாழையிலைக் கட்டும், நேற்றிரவு மழையில் இன்னும் உலராத தார்ச்சாலையும், சரக்கு இறக்கும் லாரியின் வெள்ளைக் கூரையும், சாலையோர மரத்தின் ஒரு கிளையும் அடுத்தடுத்து வந்து போகும். நடப்பவருக்கு அவை ஆறு பொருள்கள். விண்ணிலிருந்து நோக்கும் கருவிக்கோ அவ்வளவும் சேர்ந்து ஒரே ஒரு பிக்சல். மசாலா அரைக்கும் கடையில் பொடியாகிவிட்ட பிறகு மல்லி எது, மிளகாய் எது என்று விரலால் பிரிக்க முடியாததுபோல, அந்த ஒரு பிக்சலுக்குள் கலந்துவிட்ட ஒளியைக் கண்ணால் பிரிக்க முடியாது. கணக்கால் மட்டுமே பிரிக்க முடியும். அந்தக் கணக்கை எந்த அளவையை நம்பிச் செய்வது என்பதே இங்கே நம் விசாரணை.

சைவ சித்தாந்த நூல்கள் அறிவுக்கு ஆதாரமான அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கிக் கூறும். கண்ணால் காண்பது காண்டல். கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லை ஏற்பது உரை. விண்படத்தை ஆராய்வோருக்கும் இந்த மூன்றும் உண்டு. வடிவ கணிதத்தைக்கொண்டு தூய பொருளை ஊகிப்பது கருதல். ஆய்வுக்கூடத்தில் அளந்து தொகுத்து வைத்த நிறமாலை நூலகத்தோடு ஒப்பிடுவது உரை. சிராங்கூன் சாலையில் இறங்கி நடந்து பார்ப்பது காண்டல். புதிதாகத் தொழிலுக்கு வருபவர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, கருதலைக் காண்டல் என்று எண்ணிவிடுவதிலிருந்தே பிறக்கின்றன.

1. தேடும் பொருள் எது?

சாதாரண விண்படத்தில் அலைப்பட்டைகள் சிலவே இருக்கும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2011 ஏப்ரல் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில் ஏறிச் சென்ற சிங்கப்பூரின் எக்ஸ்-சாட் துணைக்கோளில், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என மூன்றே பட்டைகள். அதற்கு மாறாக, 2000 நவம்பரில் அமெரிக்கா ஏவிய இஓ-1 துணைக்கோளின் ஹைபீரியன் கருவி, 400 நானோமீட்டரிலிருந்து 2,500 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை ஏறக்குறைய 10 நானோமீட்டருக்கு ஒன்றாக 242 பட்டைகளாக நறுக்கி, 30 மீட்டர் பிக்சலில், சுமார் 7.7 கிலோமீட்டர் அகலமுள்ள துண்டாகப் பூமியைப் படமெடுத்தது. இவ்வாறு நெருக்கமான பட்டைகளில் எடுக்கும் படத்தையே ஹைபர்ஸ்பெக்ட்ரல் படம் என்கிறோம்.

பட்டைகளின் எண்ணிக்கை வெறும் ஆடம்பரம் அன்று. ஒரு பிக்சலில் கலந்துள்ள பொருள்களின் பங்குகளைக் கூட்டினால் முழு ஒன்று வரவேண்டும் என்ற நிபந்தனையோடு கணக்கிட்டால், பட்டைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலான பொருள்களையே ஐயமின்றிப் பிரிக்க இயலும். மூன்று பட்டைகளைக்கொண்டு நான்கு பொருள்கள். அதற்குமேல் விடை ஒன்றல்ல, பல. ஆறு பொருள்கள் கலந்த பஃபலோ சாலையை மூன்று பட்டைகளால் பிரிக்கப் புகுவது, நான்கு படியை வைத்துக்கொண்டு ஆறு தானியத்தை அளக்கப் புகுவதை ஒக்கும்.

கலப்பில்லாத ஒரு பொருளின் நிறமாலையை இத்துறையில் எண்ட்மெம்பர் என்பர். பிக்சல்களையெல்லாம் புள்ளிகளாக ஒரு வரைபடத்தில் இட்டால், கலப்புப் புள்ளிகள் நடுவிலும் தூய பொருள்கள் முனைகளிலும் அமைவதால், இந்நூலில் அதனை ‘முனைப்பொருள்’ என்று வழங்குவோம். மூன்று முனைப்பொருள்களானால் புள்ளிக்கூட்டம் ஒரு முக்கோணத்துக்குள் அடங்கும். நான்கானால் முக்கோண அடியுள்ள கூம்பு போன்ற நான்முகிக்குள் அடங்கும். அதற்கு மேற்பட்ட பரிமாணங்களில் அவ்வடிவத்துக்குச் சிம்ப்ளெக்ஸ் என்று பெயர். முனைகளைக் கண்டுபிடித்துவிட்டால் ஒவ்வொரு பிக்சலிலும் ஒவ்வொரு பொருளின் பங்கையும் கணக்கிட்டுவிடலாம். ஆதலின் முனைகளைத் தெரிந்தெடுப்பதில் நேரும் பிழை, பிறகு வரும் அத்தனை எண்களிலும் ஊறிவிடும்.

2. ஒரு சிறு கணக்கு

காகிதமும் பென்சிலும் போதும். விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. எந்தக் கருவியும் அளந்தவை அல்ல. சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்ற இரு பட்டைகளில், விழுந்த ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பியது என்பதை எழுதிக்கொள்வோம். மர இலை: 5, 50. கூரை ஓடு: 30, 38. தார்: 10, 12. இலை சிவப்பை உண்டு அகச்சிவப்பைத் திருப்புவது அதன் இயல்பு. ஓடு இரண்டையும் ஓரளவு திருப்பும். தார் இரண்டிலும் கருமை.

பள்ளிக்கூடத்தில் கற்ற சூத்திரத்தால் இந்த மூன்று புள்ளிகளின் முக்கோணப் பரப்பைக் கணக்கிட்டால் 445 வரும். இப்பொழுது தூய ஓட்டுக்குப் பதிலாக, பாதி ஓடும் பாதி தாரும் கலந்த பிக்சலை, அதாவது 20, 25 என்ற புள்ளியை, முனையாக வைத்துப் பாருங்கள்: பரப்பு 222.5 ஆகச் சரிபாதியாய்ச் சுருங்கிவிடுகிறது. கலப்பு கூடக் கூட முக்கோணம் சிறுக்கிறது. தூய்மை கூடக் கூட விரிகிறது. இந்த ஓர் உண்மையின்மேல்தான் இத்துறையின் பிரசித்தமான வழிமுறைகளில் பல எழுந்திருக்கின்றன. இதே உண்மை நம்மை ஏமாற்றும் இடத்தையும் இதே எண்களைக்கொண்டு சற்றுப் பின்னால் காண்போம்.

3. உள்ளிருந்து விரியும் அளவை

படத்திலுள்ள பிக்சல்களிலிருந்தே முனைகளைப் பொறுக்கி, அவற்றால் அமையும் சிம்ப்ளெக்ஸின் கனஅளவு மிகப் பெரிதாக இருக்கும்படி செய்வது முதல் அளவை. 1999ஆம் ஆண்டில் மைக்கேல் வின்டர் வெளியிட்ட என்-ஃபைண்டர் என்ற வழிமுறை இதனை நேரடியாகச் செய்கிறது: தொடக்கத்தில் ஏதோ சில பிக்சல்களை முனைகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டு, கனஅளவு வளரும்வரை மாற்றத்தை ஏற்று, இனி வளராது என்ற நிலையில் நிறுத்துகிறது. தொடக்கத்தில் எடுத்தவை வேறானால், சில சமயம் முடிவும் வேறாகும். குன்றில் ஏறுபவர், சூழ்ந்துள்ள மேடுகளைவிட உயர்ந்த ஒரு மேட்டை அடைந்தவுடன் அதையே சிகரம் என்று எண்ணி உட்கார்ந்துவிடும் அபாயம் இது.

அதற்கு முன்னரே, 1990களின் நடுவில், போர்ட்மன் முதலானோர் வகுத்த பிக்சல் தூய்மைக் குறியீடு வேறொரு பாதையில் சென்றது. புள்ளிக்கூட்டத்தின் ஊடே பல ஆயிரம் கோடுகளைத் தற்செயலான திசைகளில் குத்தி, ஒவ்வொரு கோட்டிலும் இரு கோடியில் விழும் பிக்சல்களுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, அதிக மதிப்பெண் பெற்றவற்றைத் தூயவை என்று கொள்வது அதன் முறை. அது முடிவைத் தானே சொல்லாமல், குவியலை நம் முன் வைத்து, பொறுக்கும் வேலையை மனிதக் கண்ணுக்கே விட்டுவிடுகிறது. அனுபவசாலியின் கையில் அது குணம், அவசரக்காரர் கையில் தோஷம். 2005இல் போர்த்துக்கல்லின் நாசிமென்டோவும் பியூகாஸ்-டயஸும் வெளியிட்ட விசிஏ, ஏற்கெனவே கண்ட முனைகளுக்குச் செங்குத்தான திசையில் மிகத் தொலைவில் நிற்கும் பிக்சலை அடுத்த முனையாக ஏற்றுக்கொண்டே செல்கிறது. என்-ஃபைண்டர் பலமுறை சுற்றி வருவதை இது ஒருமுறை நடந்து முடித்துவிடுவதால், பெரிய படங்களுக்கு உகந்தது.

இந்த மூன்றும் வெவ்வேறு வேஷத்தில் வந்தாலும், ஒரே நம்பிக்கையை மடியில் முடிந்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது ஒரு பிக்சலாவது கலப்பின்றிப் படத்தில் எங்கேனும் இருக்கும் என்பதே அது. கனஅளவு மிகப் பெரிதான சிம்ப்ளெக்ஸின் முனைகளே முனைப்பொருள்கள் என்று கொள்வதை ‘வின்டரின் நம்பிக்கை’ என்றே துறையினர் வழங்குவதுண்டு. சான் சுங்-ஹான், மா விங்-கின், அருள்முருகன் அம்பிகாபதி, சி சோங்-யுங் ஆகிய நால்வர் 2011இல் வெளியிட்ட ஆய்வுரை, இந்த நம்பிக்கையை முறையான கணிதப் பிரச்சினையாக எழுதி, தூய பிக்சல்கள் உண்மையாகவே இருந்து, அளவில் தற்செயலாகப் புகும் பிழையாகிய இரைச்சலும் இல்லாதபோது, கனஅளவைப் பெருக்கும் விடை மெய்யான முனைப்பொருள்களே என்று நிறுவியது. ‘இருந்து’, ‘இல்லாதபோது’ என்ற இரண்டு சொற்களையும் வாசகர் அடிக்கோடிட்டுக்கொள்வது நல்லது.

லிட்டில் இந்தியாவில் முதல் நிபந்தனையே தடுமாறுகிறது. வரிசையாக நிற்கும் கடைவீடுகளின் முகப்பு ஒவ்வொன்றும் சில மீட்டர் அகலமே. கூரைகளுக்கிடையே காற்றுவெளி முற்றங்கள். பின்னால் குறுகிய சந்து. 30 மீட்டர் பிக்சல் ஒன்று முழுக்க ஓடாகவே அமைவது அரிது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொண்டால், ஒரு முழத்துக்குள்ளேயே பல வண்ணச் சாயங்கள். அதே படத்தின் வேறிடங்களில், மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடும், நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பும் தூய பிக்சல்களைத் தாராளமாகத் தரும். ஆகவே, விரியும் அளவை இலைக்கும் நீருக்கும் சரியான விடையையும், ஓட்டுக்கு மட்டும் தவறான விடையையும் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் தரக்கூடும். முடிவின் ஒரு பகுதி சரியாயிருப்பதே மறுபகுதியின் பிழையை மறைத்துவிடுகிறது.

4. வெளியிலிருந்து சுருங்கும் அளவை

தூய பிக்சல் கிடைக்காதபோது என்ன செய்வது? மோரிஸ் க்ரெய்க் 1994இலேயே ஒரு வழி காட்டினார். உள்ளிருந்து விரிவதற்குப் பதிலாக வெளியிலிருந்து சுருங்கி, எல்லாப் புள்ளிகளையும் தன்னுள் அடக்கும் சிம்ப்ளெக்ஸ்களுள் மிகச் சிறியது எதுவோ, அதன் முனைகளையே முனைப்பொருள்களாகக் கொள்வது. இம்முனைகள் படத்தில் எந்தப் பிக்சலாகவும் இருக்கவேண்டிய அவசியமில்லை. கூடாரத்தின் உச்சிக்கம்பம் மறைந்திருந்தாலும், சாய்ந்து இறங்கும் துணிகளின் போக்கைப் பார்த்து உச்சி எங்கே என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதுவே இங்கும் நியாயம்.

துணியின் போக்கு தெரியவேண்டுமானால் துணி வேண்டும். முக்கோணத்தின் பக்கங்களை ஒட்டிப் போதிய பிக்சல்கள் இல்லாமல் எல்லாம் நடுவில் குவிந்திருந்தால், சுருங்கும் முக்கோணம் மெய்யான முக்கோணத்துக்கும் உள்ளே போய் நின்றுவிடும். எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்விக்கு 2015இல் லின், மா, அம்பிகாபதி முதலானோர் துல்லியமான விடை தந்தனர். மூன்றே பொருள்கள் உள்ள காட்சியில் அதன் எளிய வடிவம் இது: பொருள்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும் மற்றது மிச்சமுமாகக் கலந்த பிக்சலும், அவை இடம் மாறிய பிக்சலும் இருந்துவிட்டால், இரைச்சலற்ற நிலையில் சுருங்கும் அளவை மெய் முனைகளை அப்படியே காட்டிவிடும். தூய பிக்சல் ஒன்றுகூட வேண்டியதில்லை. கடைவீட்டு வரிசையில் முக்கால் ஓடும் கால் தாருமாய் ஒரு பிக்சலைத் தேடுவது, முழு ஓட்டைத் தேடுவதைவிட எவ்வளவோ சாத்தியம் என்பதை, பஃபலோ சாலையில் நாற்பது எட்டு நடந்தவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த அளவைக்கும் ஒரு பலவீனம் உண்டு. எல்லாப் புள்ளிகளையும் அடக்கியே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தால், பழுதான ஒரே பிக்சல் வெளியே துருத்திக்கொண்டு நின்றாலும், சிம்ப்ளெக்ஸ் முழுவதும் அதற்காக வீங்கிவிடும். அம்பிகாபதியை முதல் ஆசிரியராகக்கொண்ட 2011ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வுரை இதற்குப் பரிகாரமாக, இரைச்சலால் சில பிக்சல்கள் வெளியே விழக்கூடும் என்பதை நிகழ்தகவுக் கணக்கில் ஏற்றுக்கொண்டு, பிடிவாதத்தைத் தளர்த்தும் முறையை வகுத்தது. ஹைபீரியன் படங்களில் நெடுங்கோடுகளாகப் பழுது தென்படுவது சகஜமாதலால், இத்தகைய தளர்ச்சியில்லாத வழிமுறையை அப்படங்களின்மேல் நேராக ஏவுவது உசிதமன்று.

5. தேர்ந்தபின் சோதிக்கும் அளவைகள்

முனைகள் கிடைத்துவிட்டன. அவை சரியா என்று எப்படி அறிவது? நடைமுறையில் இரண்டு சோதனைகள் பெருவழக்கு.

முதலாவது, மீட்டமைப்புப் பிழை. கண்ட முனைகளைத் தக்க விகிதத்தில் கலந்து ஒவ்வொரு பிக்சலையும் திரும்ப உருவாக்கி, அசலோடு எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பது. பிழை குறைந்தால் தேர்வு நன்று என்பது பொது அபிப்பிராயம். நம் கணக்குக்குத் திரும்புவோம். ஏதோ ஒரு தகரக் கூரையில் சூரியன் கண்ணாடிபோல் தெறித்ததால் 60, 62 என்ற பிக்சல் ஒன்று படத்தில் நுழைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு பட்டைகளில் மூன்று முனைகளுக்கே இடம். இலை, தார், தெறிப்பு என்ற மூன்றின் முக்கோணப் பரப்பு 1,075. ஓடு இருந்தபோது 445 தான். விரியும் அளவை சிறிதும் தயங்காமல் ஓட்டைத் தள்ளிவிட்டுத் தெறிப்பை ஏற்றுக்கொள்ளும்; பெரிதை விரும்புவது அதன் சுபாவம். சரி, மீட்டமைப்புப் பிழையாவது இந்த மோசத்தைக் காட்டிக்கொடுக்குமா? ஓட்டுப் பிக்சலான 30, 38 என்பதை இப்புதிய முனைகளால் கட்டிப் பாருங்கள்: தெறிப்பு 41 விழுக்காடு, தார் 45 விழுக்காடு, இலை 14 விழுக்காடு. பிழை பூஜ்யம். தூய ஓட்டில் இல்லாத இலையை 14 விழுக்காடு இருப்பதாகச் சொல்லிவிட்டு, கணக்கு அப்பழுக்கில்லாமல் நிற்கிறது. பிழையின்மை என்பது கணக்கு தன்னோடு தான் முரண்படவில்லை என்பதற்குச் சாட்சியே தவிர, உலகத்தோடு முரண்படவில்லை என்பதற்குச் சாட்சி அன்று. மேலும், முனைகளைக் கூட்டிக்கொண்டே போனால் இந்தப் பிழை குறைந்துகொண்டே வரும். எனவே இதைமட்டும் பார்ப்பவர், வேண்டாத பொருள்களையெல்லாம் விருந்துக்கு அழைத்துவிடுவார்.

இரண்டாவது, நிறமாலைக் கோணம். கண்ட முனையையும், நிறமாலை நூலகத்திலுள்ள அல்லது களத்தில் அளந்த நிறமாலையையும், தோற்றுவாயிலிருந்து புறப்படும் இரு அம்புகளாகக்கொண்டு, அவற்றின் இடைக்கோணத்தை அளப்பது. 1993 முதல் எங்கும் பரவிய முறை. இதன் விசேஷம், வெளிச்சத்தின் அளவைப் பொருட்படுத்தாமல் நிறத்தின் சாயலைமட்டும் பார்ப்பது. பாதி நிழலிலுள்ள ஓடு 15, 19 ஆக மங்கினாலும், வெயிலிலுள்ள ஓட்டோடு அதன் கோணம் பூஜ்யமே. அடுக்குமாடிகளின் நிழல் கடைவீடுகளின்மேல் விழும் ஊரில் இது பெரிய உபகாரம். ஆனால் இந்த உபகாரமே வேறிடத்தில் உபத்திரவமாகும்: நம் எண்களில் ஓட்டுக்கும் இலைக்கும் கோணம் சுமார் 33 பாகையாயிருக்க, ஓட்டுக்கும் தாருக்கும் ஒன்றரைப் பாகைதான்! தார் என்பது நிழலில் கிடக்கும் ஓடு என்றே கோணம் சாதிக்கும். இதற்குப் பரிகாரம் அளவையை மாற்றுவதில் இல்லை, பட்டையைக் கூட்டுவதில் இருக்கிறது. ஓட்டின் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு நீல ஒளியை விழுங்கும். தாரோ எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேவிதமாக விழுங்கும். நீலப் பட்டையைச் சேர்த்து இரண்டுக்கும் 8 என்று எழுதிக் கணக்கிட்டால், ஒன்றரைப் பாகையாயிருந்த கோணம் சுமார் 18 பாகையாகிவிடுகிறது. கோணத்தை நம்புவதற்கு முன், எந்தப் பட்டைகளில் எடுத்த கோணம் என்று கேட்பது அதனால்தான்.

6. எத்தனை முனைகள்?

மேற்சொன்ன வழிமுறைகளில் பெரும்பாலானவை, முனைகள் எத்தனை என்பதை நாமே சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஹார்சானி, ஃபாரண்ட், சாங் ஆகியோரின் பெயரால் வழங்கும் முறை, இல்லாததை இருப்பதாகச் சொல்லும் தவறான எச்சரிக்கை எந்த விகிதம்வரை ஏற்கத்தக்கது என்பதை நம்மிடம் கேட்டு வாங்கி, அதற்கேற்ப ஓர் எண்ணைத் தரும். 2008இல் வந்த ஹைசைம், இரைச்சலை முதலில் மதிப்பிட்டுக்கொண்டு தானே ஓர் எண்ணைத் தரும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். விடைகள் நெருங்கியிருந்தால் மகிழ்ச்சி; வெகுவாக விலகியிருந்தால், அது இரைச்சல் மதிப்பீட்டில் கோளாறு என்பதற்கோ, ஒரே பொருள் பல முகம் காட்டுகிறது என்பதற்கோ அடையாளம். சராசரி எடுத்துச் சமாதானம் அடைந்துவிடக் கூடாது.

ஒரே பொருள் பல முகம் காட்டுவது சிங்கப்பூரில் நித்தியக் காட்சி. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இவ்வூரில், புதிதாக வேய்ந்த ஓடு செங்காவியாயிருக்க, சில ஆண்டு மழை கண்ட ஓட்டில் கரும்பாசி படர்ந்து நிறம் மங்கிவிடுகிறது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபின் பழைய வீடுகள் பழுதுபார்க்கப்பட்டு வருவதால், ஒரே வரிசையில் புது ஓடும் பாசி ஓடும் அடுத்தடுத்து நிற்கின்றன. கணிதத்துக்கு அவை இரண்டு முனைகள். நகர அமைப்பாளருக்கு ஒரே பொருள். எதை ஒன்றாகக் கொள்வது, எதை இரண்டாகக் கொள்வது என்பதை அறிக்கை கேட்பவரின் பிரயோஜனத்தைக்கொண்டே நிர்ணயிக்கவேண்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்காத பரப்பு எவ்வளவு என்று கேட்பவருக்குப் பாசியின் வேறுபாடு வேண்டாம், கூரைகளின் வெப்பத்தைக் கேட்பவருக்கு வேண்டும்.

7. வேலையின் வரிசை

இனி, சிங்கப்பூர்ப் படம் ஒன்று கைக்கு வந்தால் நான் கடைப்பிடிக்கும் வரிசையைத் தருகிறேன்.

ஒன்று: மேகமும் அதன் நிழலும் விழுந்த பிக்சல்களை முதலில் ஒதுக்குங்கள். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைந்த தொலைவிலுள்ள இத்தீவில், மேகமற்ற முழுப் படத்துக்காகக் காத்திருப்பவர் நெடுநாள் காத்திருப்பார். மேக விளிம்பை விட்டுவைத்தால், அதுவே மிக வெளுத்த பொருளாக முதல் முனையாகிவிடும்.

இரண்டு: 1,400, 1,900 நானோமீட்டர்களை ஒட்டிய பட்டைகளை நீக்குங்கள். காற்றிலுள்ள நீராவி அங்கே ஒளியை விழுங்கிவிடுவதால், அப்பட்டைகளில் இரைச்சலே மிஞ்சும். இவ்வூரின் ஈரக்காற்றில் நீக்கும் அகலத்தைச் சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம்.

மூன்று: எண்ணிக்கையை இரண்டு முறைகளால் மதிப்பிட்டு, ஓர் எண்ணாக அல்லாமல் ஒரு வரம்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு: விரியும் அளவையொன்றையும் சுருங்கும் அளவையொன்றையும் ஒருசேர ஓட்டுங்கள். தற்செயல் தொடக்கம் உள்ள வழிமுறையைப் பத்து முறையாவது ஓட்டி, எல்லா முறையும் வரும் முனைகளைத் தனியே எடுத்துவையுங்கள். இரு அளவைகளும் ஒத்துக்கொள்ளும் பொருளுக்குத் தூய பிக்சல் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாத பொருளே நீங்கள் நடந்து பார்க்கவேண்டிய பொருள்.

ஐந்து: விரியும் அளவை தந்த ஒவ்வொரு முனைக்கும் பிறப்பிடமான பிக்சலைப் படத்தில் கண்டு, அதன் அண்டையிலுள்ள பிக்சல்களையும் பாருங்கள். சுற்றிலும் யாருமில்லாமல் தனித்து நிற்கும் முனை பெரும்பாலும் தெறிப்பு அல்லது பழுது. ஆனால் காட்டில் நம்பத் தகுந்த இந்த அண்டை வீட்டுச் சாட்சி, கடைவீட்டு வரிசையில் செல்லாது. அங்கே மெய்யான பொருளும் தனித்தே நிற்கும்.

ஆறு: மீட்டமைப்புப் பிழையைச் சராசரியாகப் பார்க்காமல், படமாக வரைந்து பாருங்கள். பிழை ஓரிடத்தில் திட்டாகக் குவிந்தால், அங்கே ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. பிழை எங்குமே இல்லையென்றால் நிம்மதியடையாமல், ஒவ்வொரு பொருளின் பங்கையும் காட்டும் பங்குப் படத்தை எடுத்து, இருக்கக்கூடாத இடத்தில் எது இருக்கிறது என்று தேடுங்கள்.

ஏழு: கோணத்தால் நூலகத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் வறண்ட நாட்டில் அளந்த ஓட்டின் நிறமாலையை இவ்வூர் ஓட்டுக்குத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். உரை பிரமாணமே எனினும், யாருடைய உரை, எந்த ஊரைப் பற்றியது என்பதையும் கேட்கவேண்டும்.

எட்டு: படம் எடுத்த தேதியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கப் புறப்படுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கேம்பல் லேனில் சந்தைக் கூடாரங்கள் எழுந்துவிடும். அந்நாளில் எடுத்த படத்தில் கூடாரத் துணி ஒரு முனைப்பொருளாக வரலாம். கூடாரங்களைக் கழற்றியபின் போய்த் தேடினால் அது அகப்படாது. உடனே கணக்கைப் பழிப்பது முறையன்று.

8. பதினான்கு விழுக்காட்டு இலை

முடிக்குமுன், தெறிப்பு நுழைந்த அந்தச் சிறு கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஓட்டுக் கூரையில் 14 விழுக்காடு இலை என்று கணக்கு சொன்னது. அது பொய் என்று நாம் அறிந்தது எப்படி? எண்களை அமைத்தவர் நாமே என்பதால் அறிந்தோம். மெய்யான படத்தில் அந்தச் சலுகை நமக்கு இல்லை. பழைய கடைவீடுகளின் சந்துப் பக்கம் சென்று அண்ணாந்து பார்த்தவருக்குத் தெரியும்: ஓட்டு இடுக்கிலும் மாடிச் சுவரின் விரிசலிலும் பறவை எச்சத்தில் விழுந்த விதை முளைத்து, ஆலங்கன்றோ அத்திக்கன்றோ தழைத்து நிற்கும், மழைநீர்க் குழாயை ஒட்டிப் பெரணி படர்ந்திருக்கும். அத்தகைய கூரையில் 14 விழுக்காடு இலை என்பது பொய்யாகாமல், படத்திலேயே மிகச் சரியான எண்ணாகவும் இருந்துவிடலாம். தெறிப்பு பெற்றுத்தந்த 14க்கும் ஆலங்கன்று பெற்றுத்தந்த 14க்கும் கணக்கில் எள்ளளவும் வேற்றுமை கிடையாது. பரப்பும், பிழையும், கோணமும் இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொள்ளும்.

ஆதலின், உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு முனைப்பொருளின் பெயருக்கு எதிரேயும், அது எந்த அளவையால் கிடைத்தது என்பதோடு, கண்டதா, கருதியதா, உரையால் கொண்டதா என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். ‘கருதியது’ என்று எழுதுவதில் அவமானம் ஒன்றுமில்லை. அடுத்தவர் அந்தச் சொல்லைப் பார்த்து, எந்தச் சந்துக்குள் நுழைந்து எந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று தெரிந்துகொள்வார்.